எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்?

ஆல்ஃபிரெடோ நல்லவரா, கெட்டவரா? 'சினிமா பாரடைசோ' என்ற இத்தாலியப் படம் பிடித்த இரண்டு பேர் பேச உட்கார்ந்தால் சீக்கிரமே இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். அப்பா இல்லாத பையனுக்கு அப்பாவாக இருந்த மனுஷன், ஊரைவிட்டுப் போ, திரும்பி வராதே என்று அனுப்பி அவனை ஆளாக்கியவர் என்பார் ஒருவர். அந்தப் பையனின் காதலை அவனுக்கே தெரியாமல் முறித்துப் போட்டவர் என்பார் இன்னொருவர். இருவருமே படத்தைக் கவனமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பார்த்த பிரதிதான் வேறு வேறு.

(படத்தை இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

இயக்குநர் ஜுசெப்பே தொர்னாதோரே 1988-இல் இத்தாலியில் வெளியிட்ட பிரதி 155 நிமிடம். அது அங்கே எடுபடவில்லை. வெட்டி 124 நிமிடமாக்கிய பிரதிதான் 1989-இல் கான் விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசையும் அடுத்த ஆண்டு ஆஸ்கரையும் வாங்கியது. 2002-இல் 173 நிமிட நீண்ட பிரதி வந்தது. 124 நிமிடப் பிரதியில் காதலி எலெனா பாதியில் மறைந்துபோகிறாள், ஏன் என்பது தெரியாமலே படம் முடிகிறது. 173 நிமிடப் பிரதியில் நடுத்தர வயதாகிவிட்ட அந்தப் பையன் சல்வதோரே அவளைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசுகிறான். அவன் அவளுக்காகக் காத்திருந்த அன்றைக்கு அவள் தியேட்டருக்கு வந்திருந்தாள் என்பதும், ஆல்ஃபிரெடோ அவளிடம் பேசித் திருப்பி அனுப்பிவிட்டு அதை அவனிடம் சொல்லவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிகிறது. வயதான எலெனாவாக நடித்தவர் பிரிஜித் ஃபோஸி. குழந்தையாக இருந்தபோதே 'ஃபர்பிடன் கேம்ஸ்' என்ற 1952-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படத்தில் நடித்துப் பெயர் வாங்கியவர். 124 நிமிடப் பிரதியில் அவர் பாத்திரமே இல்லை. ஒரு நடிகையின் முழு வேடமும் கதையின் முக்கியமான முடிச்சும் போய்விட்ட பிறகு, இரண்டு பிரதிக்கும் பொதுவாக ஒரு தீர்ப்பு எப்படிச் சொல்வது?

என் கணக்கில் 124 நிமிடப் பிரதிதான் முதலில் பார்க்க வேண்டியது. கடைசி முத்தக் காட்சித் தொகுப்பு அதில்தான் முழு பலத்தோடு வந்து விழுகிறது. நீண்ட பிரதியில் அதே காட்சிக்கு வந்து சேரும்போது ஆல்ஃபிரெடோ மீது கோபம் பாக்கி இருக்கும். அதை இரண்டாம் முறை பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

பிறமொழிப் படங்களைப் பற்றி ரசிகர்கள் போடும் சண்டைகளில் பல இந்த ரகம்தான். படம் இழுவை, நடிப்பு ஒட்டவில்லை, வசனம் புரியவில்லை, ஒளிப்பதிவு ஒன்றும் பிரமாதமில்லை என்கிறோம். இந்த நான்கில் ஏதாவது ஒன்று பிரதியின் கோளாறாகவோ நம் வீட்டு டிவியின் கோளாறாகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. படத்தைத் தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம்.

முதலில் நீளம். 'செவன் சாமுராய்' 207 நிமிடம், நடுவில் இடைவேளையோடு. ஜப்பானுக்கு வெளியே அது முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெட்டப்பட்டு ஓடியது. 'தாஸ் போட்' 1981-இல் 149 நிமிடம், 1997-இல் வந்த இயக்குநர் பிரதி 209, தொலைக்காட்சித் தொடராக ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பெர்க்மனின் 'ஃபானி அண்ட் அலெக்ஸாண்டர்' தியேட்டரில் 188, தொலைக்காட்சியில் 312. விஸ்கோன்தியின் 'தி லெப்பர்ட்' இத்தாலியப் பிரதி 185 நிமிடத்தை ஒட்டி, அமெரிக்காவில் ஓடியது 161. உங்கள் கையில் இருப்பது எது என்று பிளேயரின் மொத்த நேரத்தைப் பார்த்தாலே தெரியும். விநியோகஸ்தர் முத்திரை, மறுசீரமைப்புக் குறிப்பு இவற்றுக்காக ஒன்றிரண்டு நிமிடம் தள்ளிக்கொள்ளுங்கள்.

ஆனால் நேரம் குறைவாக இருந்தாலே வெட்டுப்பட்ட பிரதி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனி அசையாப் படங்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியும் இந்தியாவும் பால் (PAL) என்ற டிவி முறையில் இருந்தவை, அந்த டிவி விநாடிக்கு 25 ஃபிரேம். அதனால் பால் டிவிடிக்குப் படத்தை மாற்றும்போது பெரும்பாலும் சும்மா வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். 124 நிமிடப் படம் 119 நிமிடத்தில் முடியும். 207 நிமிடப் படம் 199-இல் முடியும். ஒரு காட்சிகூடப் போயிருக்காது. ஒலியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் பேச்சும் இசையும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறியிருக்கும். 'சினிமா பாரடைசோ'வின் மொரிக்கோனே இசையைத் தட்டில் கேட்டுப் பழகியவர்கள் படத்தில் ஏதோ இடறுகிறதே என்பது இதனால்தான். சோதிக்க வழி எளிது: சரியான நிமிடத்தை 0.96-ஆல் பெருக்குங்கள். விடை உங்கள் பிரதியின் நேரத்தோடு ஒத்துப்போனால் அது வேகம் கூட்டிய முழுப் பிரதி. அதற்கும் கீழே இருந்தால் கத்தரி பட்டிருக்கிறது.

அடுத்தது படத்தின் வடிவம். இதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' 1953-இல் வந்தது, அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு. இன்றைய டிவி 1.78. சரியாகக் காட்டினால் இடமும் வலமும் கறுப்புப் பட்டை வந்து திரையின் அகலத்தில் 77 சதவீதம்தான் நிறையும். பட்டை வேண்டாம் என்று ரிமோட்டில் 'ஜூம்' அழுத்தினால் மேலும் கீழுமாக 23 சதவீதம் படம் காணாமல் போகும். 'ஃபுல்', 'ஸ்ட்ரெச்' என்று வைத்தால் ஒன்றும் வெட்டுப்படாது, ஆனால் எல்லோரும் பக்கவாட்டில் வீங்கிவிடுவார்கள்.

ஓசு படத்தில் அந்த 23 சதவீதம் என்ன என்று பாருங்கள். அவர் கேமராவைத் தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் கீழே வைப்பவர். லென்ஸ் 50 மில்லிமீட்டர், பிற்காலத்தில் அதை அவர் மாற்றவே இல்லை. அந்தத் தாழ்ந்த இடத்திலிருந்து பார்ப்பதால் ஃபிரேமின் அடிப்பகுதியில் பாயின் விளிம்பும் தேநீர்ப் பாத்திரமும் இருக்கும். மேல்பகுதியில் கதவு நிலையும் தொங்கும் விளக்கும் இருக்கும். நடுவே பெற்றோர் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். வீடு அவர்களைச் சுற்றி நிற்பதுதான் அந்த ஷாட். மேலும் கீழும் அறுத்தால் வீடு போய் இரண்டு தலைகள் மட்டும் மிஞ்சும். அப்போது 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்று தோன்றினால் அதில் பார்ப்பவர் தவறு எதுவும் இல்லை. 1958-இலிருந்து கலருக்கு மாறிய பிறகும், சுற்றிலும் எல்லோரும் அகலத்திரைக்குப் போன காலத்திலும், ஓசு இந்த வடிவத்தை விடவில்லை. இதே படத்தில் கோடும் புள்ளியும் கண்டால் பிரதியைத் திட்டாதீர்கள். மூல நெகட்டிவ் ஆய்வகத் தீவிபத்தில் எரிந்துவிட்டது. இன்று நாம் பார்ப்பது மிஞ்சிய பிரதிகளிலிருந்து மீட்டெடுத்தது.

2013-இல் வந்த போலந்துப் படம் 'ஈடா'வும் இதே வடிவம்தான். அதில் ஆட்களை ஃபிரேமின் அடியில் நிறுத்தி, தலைக்கு மேலே பெரிய வெற்றிடம் விட்டிருப்பார்கள். ஜூம் செய்தால் அந்த வெற்றிடம்தான் முதலில் போகும். படமே அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

கணினியில் பார்ப்பவர்கள் விஎல்சி என்ற இலவச பிளேயரின் 'டூல்ஸ்' மெனுவில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' திறந்தால் அளவும் ஃபிரேம் வேகமும் தெரியும். பட்டைகளை நீக்கிச் சேமித்த கோப்பு என்றால், 1080 உயரத்தில் 1.37 படம் ஏறக்குறைய 1480 அகலம் இருக்கும். 1.66 படம் 1800-ஐ ஒட்டி இருக்கும். 1.85 படம் 1920-க்கு 1038. 2.39 படம் 1920-க்கு 804. பழைய 1.37 படம் 1920-க்கு 1080 முழுவதையும் நிறைத்துக்கொண்டு நின்றால் யாரோ அறுத்திருக்கிறார்கள்.

'ரெஸ்டோர்டு' (மறுசீரமைத்தது) என்று அட்டையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்றால், அதுவும் படத்துக்குப் படம் மாறும். ஹாங்காங் இயக்குநர் வோங் கர்-வாய் தன் படங்களை 2020-ஐ ஒட்டி மறுசீரமைத்தபோது 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்தை 1.85-இலிருந்து 2.39-க்கு மாற்றினார். 'இன் தி மூட் ஃபார் லவ்' வண்ணம் பச்சைப் பக்கம் சாய்ந்தது. இயக்குநரே செய்தார், அவருக்கு உரிமை உண்டு. ஆனாலும் பழைய பிரதியின் ஆழ்ந்த சிவப்பைப் பார்த்தவரும் புதிய பிரதியைப் பார்த்தவரும் அந்தப் படத்தின் நிறத்தைப் பற்றி ஒத்துப்போகமாட்டார்கள். எனக்குப் பழைய சிவப்புதான். அந்த நடைவழிகளின் வெக்கை அதில்தான் இருக்கிறது.

இனி டிவி அமைப்பு. புதிய டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி கடையிலிருந்து வரும்போதே இயக்கப்பட்டிருக்கும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி (முன்பு ஆட்டோ மோஷன் பிளஸ்) என்று பெயர். இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களை டிவியே கற்பனை செய்து செருகுகிறது. கிரிக்கெட்டுக்குச் சரி. 24 ஃபிரேமில் எடுத்த படம் சீரியல் மாதிரி ஆகிவிடும், நல்ல நடிப்பும் ஒத்திகை போலத் தெரியும். அதை அணையுங்கள். 2019-இல் அறிவிக்கப்பட்ட 'ஃபிலிம்மேக்கர் மோட்' உங்கள் டிவியில் இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும், இந்தச் செருகலும் செயற்கைக் கூர்மையும் ஒரே அழுத்தில் போகும். வடிவத்தையும் அது அப்படியே விட்டுவைக்கும். அணைத்த பிறகு, கேமரா மெல்லப் பக்கவாட்டில் திரும்பும் காட்சிகளில் லேசாக வெட்டி வெட்டிப் போவதாகத் தோன்றினால் அதற்குக் காரணம் வேறு. விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் 24 ஃபிரேம் சமமாகப் பிரியாது. ஒரு ஃபிரேம் மூன்று தடவையும் அடுத்தது இரண்டு தடவையுமாகக் காட்டப்படும். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொன்றும் ஐந்து தடவை, தொல்லை இல்லை.

ஒலிக்கு வருவோம். ஐம்பது அறுபதுகளின் இத்தாலியப் படங்களைப் பார்த்துவிட்டு 'வாய் ஒட்டவில்லை, பிரதி கெட்டுப்போயிருக்கிறது' என்று கோப்பை அழித்துவிட்டு வேறொன்று தேடுபவர்கள் நிறைய. எத்தனை பிரதி மாற்றினாலும் ஒட்டாது. அங்கே ஒலியைப் பிறகு சேர்ப்பதுதான் வழக்கம். முசோலினி காலத்தில் வெளிநாட்டுப் படங்களை இத்தாலிய மொழியில்தான் திரையிட வேண்டும் என்று ஆக்கியதால் வளர்ந்த டப்பிங் தொழில், சொந்தப் படங்களுக்கும் பழக்கமாகிவிட்டது. பல நாட்டு நடிகர்கள் அவரவர் மொழியில் பேசி நடித்தார்கள். ஃபெலினி சில நடிகர்களை வசனத்துக்குப் பதில் எண்களைச் சொல்லவைத்துப் படம்பிடித்தார், வசனம் பிறகுதான். 'லா ஸ்த்ராதா' இத்தாலியப் பிரதியில் ஆந்தனி குவின் குரல் அவருடையதல்ல. 'தி லெப்பர்ட்' இத்தாலியப் பிரதியில் பர்ட் லங்காஸ்டர் குரலும் அப்படியே. 'சினிமா பாரடைசோ' ஆல்ஃபிரெடோ, பிலிப் நுவாரே, பிரெஞ்சுக்காரர். அவருக்கும் இத்தாலியக் குரல் இன்னொருவர். நடிகை கிளாடியா கார்டினாலே தன் சொந்தக் குரலில் முதலில் பேசியதே 1963-இல் ஃபெலினியின் 'எட்டரை'யில்தான். டப்பிங் தியேட்டரில் குரல் கொடுக்கும் வழக்கத்தை நம் தமிழ்ப் படங்களிலேயே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அதிசயமாக இருக்கக் கூடாது. உதட்டைப் பார்க்காமல் கண்ணைப் பாருங்கள், கால் மணி நேரத்தில் பழகிவிடும்.

உண்மையான ஒலிப் பிழை எது என்றால், கதவு சாத்தும் ஓசை கதவு சாத்திய பிறகு வருவது. ஒருவர் கைதட்டுவது, கோப்பை கீழே வைப்பது போன்ற ஒரு காட்சியை வைத்துச் சோதியுங்கள். விஎல்சியில் ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லிவிநாடி வீதம் முன்னும் பின்னும் நகர்த்தும்.

பழைய படத்துக்கு மோனோ (ஒற்றைத் தட ஒலி), 5.1 (பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்த ஒலி) என்று இரண்டு ஒலித்தடம் இருந்தால் மோனோவைத் தேர்ந்தெடுங்கள். தார்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' முதலில் டிவிடியில் வந்தபோது ஒலியை 5.1-ஆக மாற்றி, இல்லாத ஓசைகளையும் சேர்த்துவிட்டார்கள். ரசிகர்கள் சத்தம் போட்ட பிறகுதான் மூல மோனோ வந்தது. அந்தப் படத்தில் மூன்று பேரும் ட்ராலியில் 'மண்டலம்' எனப்படும் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் போகும் காட்சி இருக்கிறது. முகங்கள் மட்டும் தெரியும். தண்டவாளத்தின் தடக் தடக் ஓசை மெல்ல மெல்ல எதிரொலி ஏறி, இசையமைப்பாளர் அர்த்தெமியெவின் மின்னணு ஓசையாகவே மாறிப்போகும். எந்த இடத்தில் மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒலித்தடத்தில் கை வைத்தால் முதலில் உடைவது இந்த மாதிரி இடம்தான். முடிந்தால் ஹெட்போனில் கேளுங்கள்.

சப்டைட்டில் விஷயம் பெரியது. ஓடிடி தளங்களில் 'இங்கிலிஷ்' என்றும் 'இங்கிலிஷ் சிசி' என்றும் இரண்டு இருந்தால் மூல ஒலியோடு பார்ப்பவர்கள் முதலாவதை எடுக்க வேண்டும். சிசி என்பது பல சமயம் ஆங்கில டப்பிங்கில் பேசியதை எழுத்தாக்கியது. டப்பிங் வசனம் உதட்டசைவுக்குப் பொருந்த மாற்றி எழுதப்படுவது, மூலத்திலிருந்து விலகியே இருக்கும். 'ஸ்க்விட் கேம்' வந்தபோது 2021-இல் கிளம்பிய மொழிபெயர்ப்புச் சர்ச்சையில் பாதி, பார்த்தவர்கள் சிசி-யை வைத்துக்கொண்டு பேசியதால் வந்தது. ஸ்வீடன் படமான 'லெட் தி ரைட் ஒன் இன்' அமெரிக்காவில் டிஸ்காக வெளியானபோது தியேட்டரில் இருந்த சப்டைட்டிலை விட்டுவிட்டு எளிமைப்படுத்திய வேறொன்றைப் போட்டார்கள். நகைச்சுவையும் நெருக்கமும் வெளிறிப்போயின. எதிர்ப்பு வந்து, பிறகு அச்சிட்டதில் தியேட்டர் சப்டைட்டில் திரும்பியது.

சப்டைட்டிலில் வசனம் குறைவாக இருக்கிறது என்று மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லும் முன் அவருக்குக் கிடைக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு வரிக்கு 42 குறிகள், இரண்டு வரி, திரையில் அதிகபட்சம் 7 விநாடி. விநாடிக்கு 17 முதல் 20 குறிகளுக்கு மேல் வாசிக்க முடியாது என்ற கணக்கு. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும் இத்தாலியச் சமையலறைக் காட்சியில் பாதியை விட்டே ஆக வேண்டும். இரண்டு மொழி பேசினாலும் ஆங்கில வரியில் தெரியாது. 'இன் தி மூட் ஃபார் லவ்' வீட்டுக்கார அம்மா ஷாங்காய் மொழியில் பேசுகிறார், மேகி செயுங் காண்டோனிய மொழியில் பதில் சொல்கிறார். ஊரைவிட்டு வந்து ஹாங்காங்கில் குடியேறியவர்களின் உலகம் அது. காதைக் கொடுத்தால் ஓசை வேறுபாடு நமக்கே பிடிபடும்.

சப்டைட்டில் நேரம் தவறினால் என்ன நோய் என்று முதலில் பார்க்க வேண்டும். விஎல்சியில் ஜி அழுத்தினால் எழுத்து 50 மில்லிவிநாடி முந்தும், எச் அழுத்தினால் பிந்தும். படத்தின் முதல் வசனத்தில் சரிசெய்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்துக்குப் போங்கள். அங்கேயும் பொருந்தினால் வேலை முடிந்தது. கடைசியில் விலகியிருந்தால் நடுவில் ஓரிடத்தைப் பாருங்கள். விலகல் சீராகக் கூடிக்கொண்டே போனால் ஃபிரேம் வேகம் வேறு. நிமிடத்துக்கு இரண்டரை விநாடி வீதம் விலகினால் 25-க்கும் 23.976-க்கும் (பல கோப்புகளில் 24-க்குப் பதில் இருக்கும் வேகம்) உள்ள குழப்பம். ஒரு மணி நேரத்துக்கு மூன்றரை விநாடிதான் என்றால் 24-க்கும் 23.976-க்கும். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் 'சிங்க்ரனைசேஷன்' மெனுவில் 'சேஞ்ச் ஃபிரேம் ரேட்' கொடுத்து இரண்டு எண்களையும் இட்டால் தீர்ந்தது. எண் தெரியாவிட்டால் அதே மெனுவில் 'பாயின்ட் சிங்க்' எடுத்து, தொடக்கத்தில் ஒரு வரி, முடிவில் ஒரு வரி இரண்டுக்கும் சரியான நேரத்தைக் காட்டிக்கொடுங்கள்.

ஓரிடம் வரை கச்சிதமாக வந்து, அங்கிருந்து திடீரென்று நாற்பது விநாடி தாவினால் ஃபிரேம் வேகத்தை நோண்டிப் பயனில்லை. சப்டைட்டில் வேறொரு வெட்டுக்கானது, உங்கள் பிரதியில் ஒரு காட்சி கூடவோ குறையவோ இருக்கிறது. வேறு சப்டைட்டில் தேடுவதுதான் நேரமிச்சம்.

தமிழில் சப்டைட்டில் செய்பவர்கள் இப்போது இருக்கிறார்கள், இன்னும் வர வேண்டும். அவர்கள் முட்டிக்கொள்ளும் முதல் இடம் இந்த 42 கணக்கு. 'போய்க்கொண்டிருக்கிறான்' என்பது 11 எழுத்து. மென்பொருளோ புள்ளியையும் கொம்பையும் காலையும் தனியாக எண்ணி 22 என்று காட்டும். ஒரே சொல்லில் பாதி வரி போனதாகச் சிவப்புக் கோடு போடும். அதை நம்பி வசனத்தைச் சுருக்க வேண்டாம். எழுத்துக் கணக்கில் வரிக்கு 22 முதல் 26 வரை வைத்துக்கொண்டு திரையில் ஓடவிட்டு வாசித்துப் பாருங்கள்.

அடுத்தது நீ, நீங்கள். ஆங்கில சப்டைட்டிலை மட்டும் வைத்துத் தமிழாக்கினால் இது தெரியவே தெரியாது. கொரியப் படத்தில் வாக்கியம் 'யோ' என்றோ 'ம்னிதா' என்றோ முடிந்தால் மரியாதை. ஜப்பானியப் படத்தில் 'தெஸ்', 'மஸ்' அதே வேலை செய்யும். படம் நெடுக 'யோ' போட்டுப் பேசியவர் ஒரு காட்சியில் அதை விட்டால் அங்கே ஏதோ நடந்துவிட்டது. தமிழில் நீங்கள், நீ ஆவதால் அதைச் சொல்ல முடியும், ஆங்கிலத்தில் முடியாது. ஆங்கிலக் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டாலும் காது மூலத்தில் இருக்கட்டும்.

சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று கொடுங்கள், இல்லாவிட்டால் கேள்விக்குறியும் கட்டங்களுமாக வரும். கோப்பு சரியாக இருந்தும் கொம்பு இடம் மாறித் தெரிந்தால் அது டிவியின் உள் பிளேயருக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாததால். ஆண்ட்ராய்டு டிவியில் விஎல்சி நிறுவி அதில் ஓட்டிப் பாருங்கள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா இருந்தால் போதும். கோப்பின் பெயரில் படத்தின் பெயரோடு எந்தப் பிரதி, எத்தனை நிமிடம், எந்த ஃபிரேம் வேகம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். 'தாஸ் போட், 209 நிமிடம், 23.976' என்று இருந்தால் 149 நிமிடப் பிரதியை வைத்திருப்பவர் அதைப் பதிவிறக்கிவிட்டு உங்களைத் திட்டமாட்டார்.